குச்சிப்பூச்சியின் பாதத்தைப் பார்த்து இனம் சொல்லலாமா?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர், 8 ஜூன்

எங்கள் நிலத்து வேலியோரம் நிற்கும் கொய்யா மரத்தில் இரண்டு குச்சிப்பூச்சிகள் பிடித்தேன். நீளமும் நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒன்றின் பாத அடி பளபளவென்று இருக்கிறது, இன்னொன்று மங்கலாக, சொரசொரவென்று இருக்கிறது. பாதத்தில் ஒட்டும் பகுதியை வைத்தே குச்சிப்பூச்சிகளை வகை பிரிக்கிறார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் இவை இரண்டும் வேறு வேறு இனம் என்று குறித்துக்கொள்ளலாமா?

8 ஜூன், இரவு

தாராளமாகக் குறித்துக்கொள்ளலாம் தம்பி. பாதம் நல்ல அடையாளம். நான் பேரணாம்பட்டு. பதினைந்து வருடமாக ஆம்பூரில் ஷூ தொழிற்சாலையில் சோல் பிரிவில் வேலை. அடிப்பாகத்தைப் பார்த்தே இது எந்த வகைச் செருப்பு என்று சொல்லிவிடுவேன். வீட்டு மாடியில் கொசுவலைக் கூண்டில் நான்கு வருடமாகக் குச்சிப்பூச்சி வளர்க்கிறேன். பாத அடிதான் நான் முதலில் பார்க்கும் இடம்.

அமைப்பு இதுதான். கடைசியில் இரண்டு நகம். நகங்களுக்கு நடுவில் ஒரு மெத்தென்ற திண்டு. அதற்கு அரோலியம் என்று பெயர். பாதம் ஐந்து கணுவாக இருக்கும். அந்தக் கணுக்களின் அடியில் தனித்தனியாகத் திண்டுகள் இருக்கும், அவை யூப்ளாண்டுலா. வாயில் நுழையாத பெயர்கள் என்பதால் முதலாவதை நுனித்திண்டு என்றும் மற்றவற்றை அடித்திண்டு என்றும் எழுதுகிறேன். அடித்திண்டின் மேற்பரப்பு சில இனங்களில் வழவழப்பு, சிலவற்றில் நுண்ணிய கூம்புகள் நெருக்கி நட்டதுபோல் இருக்கும். நீங்கள் பார்த்தது அந்த வித்தியாசமாகத்தான் இருக்க வேண்டும்.

9 ஜூன், காலை 6 மணி

ராத்திரி எழுதியதை இப்போது படித்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

அந்தக் கூம்புகள் மைக்ரோமீட்டர் கணக்கில் இருப்பவை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வகுத்தால் வருவதுதான் ஒரு மைக்ரோமீட்டர். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் கூம்பு தெரிய வழியே இல்லை. ஆராய்ச்சிக்காரர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் இவற்றைப் பார்க்கிறார்கள். அப்படியானால் உங்கள் லென்ஸில் மங்கலாகத் தெரிந்தது என்ன?

9 ஜூன், மதிய சாப்பாட்டு நேரம்

ஒன்று செய்யுங்கள். மங்கலாகத் தெரிந்த பூச்சியை சுத்தமான கண்ணாடி மேல் விடுங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். இருபது முப்பது அடி நடக்கட்டும். அப்புறம் அதே பாதத்தை அதே லென்ஸில் பாருங்கள்.

பூச்சியின் திண்டு தூசு பட்டால் அப்படியே கிடக்காது. அதில் மெல்லிய திரவப் படலம் ஊறிக்கொண்டே இருக்கும். நடக்க நடக்க, அழுக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தங்கிவிடும். குச்சிப்பூச்சியிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். செம்மண் வேலியோரத்துப் பூச்சிக்குப் பாதம் மங்கலாக இருப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது!

11 ஜூன்

அழுக்கு இல்லை, உண்மையிலேயே இரண்டு விதமான திண்டுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது இனம் வேறு என்று சொல்லலாமா? இரண்டு நாளாக இதைத்தான் யோசிக்கிறேன்.

தொழிற்சாலையில் என் மேசையில் இப்போது மூன்று சோல் கிடக்கிறது. ஒன்று ஹோட்டல் சமையலறைக்காரர் போடும் ஷூவுக்கு: எண்ணெயும் தண்ணீரும் கலந்த தரையில் வழுக்கக் கூடாது என்று அடி முழுக்க நெருக்கமான குட்டிக் குட்டிப் புடைப்புகள். இன்னொன்று மலையேறுபவர்களுக்கு, ஆழமான பள்ளம் வெட்டியது. மூன்றாவது விருந்துக்குப் போடும் ஷூவுக்கான தோல் சோல், வழவழவென்று கண்ணாடி மாதிரி. மூன்றுமே ஒரே கம்பெனிக்குப் போகிறவை. மூன்று வேறு கம்பெனிக்காரர்கள் ஒரே மாதிரி சமையலறை சோல் கேட்பதும் உண்டு. சோலைப் பார்த்து அது எந்தத் தரையில் நடக்கும் என்று நான் சொல்லிவிடுவேன். யார் வீட்டுச் சரக்கு என்று கேட்டால் லாஸ்ட்டைப் பார்ப்பேன். லாஸ்ட் என்றால் ஷூவுக்கு உருவம் கொடுக்கும் கால் அச்சு. ஒவ்வொரு கம்பெனியும் தன் அச்சை எளிதில் மாற்றாது.

குச்சிப்பூச்சியிலும் இதே கதைதான் வெளிவந்தது. ஜெர்மனியில் கீல் பல்கலைக்கழகத்தின் தீஸ் பியூஷரும் ஸ்டானிஸ்லாவ் கோர்ப்பும் மற்றவர்களோடு சேர்ந்து 2018-ல் 56 இனங்களின் அடித்திண்டுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து ஒன்பது வகையாகப் பிரித்தார்கள். அதற்கு முன்பு, இந்த நுண்ணமைப்பு உறவுமுறையைக் காட்டும் என்ற எண்ணம் இருந்தது. டி.என்.ஏ. வைத்து வரைந்த குடும்ப மரத்தில் ஒன்பதையும் பொருத்திப் பார்த்தபோது அந்த எண்ணம் நிற்கவில்லை. ஒரே மாதிரித் திண்டு தூரத்துக் கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. அது வாழும் இடத்தோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது.

ஆகவே 8-ஆம் தேதி நான் எழுதிய "தாராளமாக" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

12 ஜூன்

காட்பாடி டீச்சர் அக்கா கேட்டிருக்கிறார்: "அப்படியானால் பாதம் உதவாது என்று முடித்துவிடலாமா?"

முடிக்கக் கூடாது அக்கா. கணு எத்தனை என்பது வேறு, கணுவின் அடியில் என்ன பூ வேலை என்பது வேறு. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் டிமேமா என்று ஒரு குட்டிப் பேரினம் இருக்கிறது. அதற்குப் பாதத்தில் மூன்றே கணு. மற்ற எல்லாக் குச்சிப்பூச்சிக்கும் இலைப்பூச்சிக்கும் ஐந்து. இந்தப் பிளவு டி.என்.ஏ.விலும் அப்படியே நிற்கிறது: டிமேமா ஒரு பக்கம், மீதி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் மறுபக்கம். கணு எண்ணிக்கை லாஸ்ட் மாதிரி. கூம்பும் வழவழப்பும் சோல் மாதிரி.

12 ஜூன், இரவு

அக்கா இன்னொன்றும் சுட்டிக்காட்டினார், அது எனக்குத் தெரிந்திருந்தும் மறந்துபோனது. இதே கீல் ஆட்கள் 2017-ல் பிரிசோபோடினே என்ற அமெரிக்க வெப்பமண்டலத் துணைக்குடும்பத்தைப் பாதத் திண்டுகளை வைத்தே இரண்டு கிளையாகப் பிரித்தார்கள். அடுத்த ஆண்டே பெரிய மரத்தில் அந்த அமைப்பு உறவைக் காட்டவில்லை என்றும் அவர்களே சொன்னார்கள். இது முரண்பாடு இல்லையா என்று கேட்கிறார்.

சாப்பிட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்து யோசித்தேன். முரண்பாடாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் இரண்டு அண்ணன் தம்பி வீட்டை வாசல் கதவைப் பார்த்துப் பிரித்துச் சொல்லிவிடலாம். அதே கதவை வைத்துக்கொண்டு வேலூர் ஜில்லா முழுக்க யார் யாருக்குச் சொந்தம் என்று சொல்லக் கிளம்பினால் தப்பாகிவிடும். நெருங்கிய சொந்தத்துக்குள் பிரிப்பதற்குத் திண்டு உதவும், மற்ற உறுப்புகளும் அதே பக்கம் சாட்சி சொன்னால். உலகம் முழுக்க உள்ள குச்சிப்பூச்சிகளை அடுக்க அது மட்டும் போதாது.

13 ஜூன்

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. ஒரே ஓர் உறுப்பை நம்பி எல்லாவற்றையும் அடுக்கிய வரலாறு குச்சிப்பூச்சியில் ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் காலில்தான். பாதத்துக்கு மேலே இருக்கும் நீளத் துண்டின் நுனியில், அடிப்பக்கமாக, சில இனங்களுக்குச் சின்ன முக்கோணப் பரப்பு ஒன்று இருக்கும். முக்கோணம் உள்ளவை ஒரு கட்சி, இல்லாதவை ஒரு கட்சி என்று பழைய வகைப்பாடு மொத்தக் கூட்டத்தையும் இரண்டாக வெட்டியது. ரொம்ப காலம் அதுதான் செல்லுபடியானது. டி.என்.ஏ. வந்த பிறகு இரண்டு கட்சியும் கலைந்தது. முக்கோணம் உள்ளவையும் இல்லாதவையும் நெருங்கிய சொந்தமாக உட்கார்ந்திருக்கின்றன.

இதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது லார்ட் ஹோவ் தீவுப் பூச்சியின் கதை. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள தீவு. கனமான, கருத்த, இறக்கையில்லாத குச்சிப்பூச்சி. அற்றுப்போனதாக நினைத்திருந்ததை 2001-ல் பக்கத்துக் கடல் பாறையான பால்ஸ் பிரமிடில் உயிரோடு கண்டுபிடித்தார்கள். உருவத்தை வைத்து, நியூ கினி பக்கத்தில் தரையில் வாழும் தடித்த குச்சிப்பூச்சிகளின் சொந்தம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். 2009-ல் டி.என்.ஏ. பார்த்தால் அது வேறு கிளை. தரையில் வாழ்ந்து வாழ்ந்து, சொந்தமே இல்லாத இரண்டு பேர் ஒரே உடம்புக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். முழு உடம்பே இப்படி ஏமாற்றும்போது ஒரு பாதத்தை மட்டும் நம்பி என்ன எழுதுவது?

14 ஜூன்

லீவு. மிட்டாய்க் கடை கண்ணாடி ஜாடியில் ஒரு பெண் பூச்சியை விட்டு, ஜாடியை உயர்த்திப் பிடித்து அடியிலிருந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். தரையில் நடக்கும்போது அடித்திண்டுகள்தான் கண்ணாடியில் பதிகின்றன. நுனித்திண்டு பெரும்பாலும் தொடுவதே இல்லை. ஜாடியை மெல்லக் கவிழ்த்ததும் நிலைமை தலைகீழ். நுனித்திண்டுகள் ஒவ்வொன்றாகப் பட்டென்று ஒட்டிக்கொண்டன.

கேம்பிரிட்ஜில் டேவிட் லபோன்ட்டேவும் வால்டர் ஃபெடர்லேவும் 2013-ல் இதை அளந்தே காட்டிவிட்டார்கள். நுனித்திண்டு ஒட்டுவதற்கு: உடம்பை நோக்கிக் காலை இழுத்தால் ஒட்டும். அடித்திண்டு உராய்வதற்கு: மேலிருந்து பாரம் ஏற ஏறப் பிடி கூடும், ஆனால் ஒட்டாது. ஒரே பாதத்தில் தொங்க ஒரு கருவி, நிற்க ஒரு கருவி.

அவர்கள் வைத்துப் பார்த்த பூச்சி எது தெரியுமா? கராசியஸ் மொரோசஸ். நம் பழனி மலை செண்பகனூர்ப் பூச்சி! 1901-ல் பெயர் பெற்று, இன்று ஐரோப்பாவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட வளர்க்கும் பூச்சி. பெண் தனியாகவே முட்டையிட்டுப் பெருகும் என்பதால் ஆய்வுக்கூடங்களில் அது இல்லாத இடமில்லை. அதன் அடித்திண்டில் கூம்பு உண்டு. பாரம் ஏறும்போது அதிகக் கூம்புகள் தரையைத் தொடும், அவ்வளவுதான் ரகசியம். வேறோர் ஆய்வில் வேறு சிலர் வியட்நாம் பூச்சி ஒன்றை இதோடு சேர்த்துச் சோதித்தார்கள், அதற்கு வழவழப்பான திண்டு.

நம் மாநிலத்து மலைத் தொடரில் பிறந்த ஒன்றின் பாதத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறது. ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் உள்ளவற்றைப் பற்றித் தமிழில் ஒரு வரி எழுதியிருந்தாலும் படிக்க ஆசை.

14 ஜூன், இரவு

பல்லியும் இப்படித்தானா என்று ஒருவர். இல்லை. பல்லியின் விரலடியில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத மயிர்கள், உலர்ந்தே ஒட்டும். குச்சிப்பூச்சிக்குத் திரவம் வேண்டும்.

17 ஜூன்

இது நான் செய்த தவறு, எழுதியே ஆக வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்பு உமராபாத் பக்கம் ஒரு தோப்பில் பிடித்த பூச்சியின் பின்னங்காலில் நான்கு கணுதான் இருந்தது. மூன்று தரம் எண்ணினேன். நான்குதான். டிமேமாவுக்கு மூன்று, மற்றதுக்கு ஐந்து, நடுவில் நான்கு கணுவோடு ஒன்று வடாற்காட்டில் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. படம் வரைந்தேன், மாதிரியைச் சாராயத்தில் போட்டுப் பத்திரப்படுத்தினேன், தெரிந்த நாலு பேருக்குச் சொல்லியும் விட்டேன்.

போன வருடம் என் கூண்டில் ஒரு குட்டி சட்டை உரிக்கும்போது கால் மாட்டிக்கொண்டு அறுந்தது. அடுத்தடுத்த உரிப்புகளில் சுருண்ட மொட்டாக வந்து, புதுக் கால் நீண்டது. எண்ணிப் பார்த்தேன்: நான்கு கணு. மற்ற ஐந்து காலிலும் ஐந்து கணு.

குச்சிப்பூச்சிக்கு அறுந்து முளைத்த பாதத்தில் நான்கு கணுதான் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நான் படிக்காமல் எண்ணியிருக்கிறேன். உமராபாத் மாதிரியை எடுத்து மறுபடி பார்த்தேன். ஆறு காலில் ஒன்றில்தான் நான்கு. அந்தக் கால் மற்ற பின்னங்காலைவிடக் கொஞ்சம் குட்டையும்கூட. அன்றைக்கு நான் ஒரு காலை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்தியிருக்கிறேன். அந்த நாலு பேருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன்.

தம்பி, உங்கள் இரண்டு பூச்சிக்கும் ஆறு காலையும் எண்ணுங்கள். பன்னிரண்டு பாதம். ஒன்றும் விட வேண்டாம்.

18 ஜூன்

"நாலு கணுக் காலில் திண்டு ஒழுங்காக இருக்குமா?" நல்ல கேள்வி. என் கூண்டுப் பூச்சி அந்தக் காலாலும் கொய்யா இலையில் தலைகீழாகத் தொங்குகிறது. திண்டும் நகமும் இருக்கின்றன. நடையில் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

19 ஜூன்

சொந்தமில்லாத கிளைகளில் ஒரே மாதிரிக் கோலம் எப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒருவர் கேட்டதற்கு: 2018-லேயே கீல் குழு இதற்கு ஆலன் டூரிங்கின் கணக்கைப் பொருத்திப் பார்த்தது. கணினியை நாம் யாருடைய பெயரோடு சேர்த்துச் சொல்கிறோமோ அதே டூரிங். 1952-ல் உயிர்களின் உடம்பில் வரியும் புள்ளியும் எப்படி விழுகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் பரவுகிற இரண்டு பொருட்கள் போதும், புள்ளிகளும் கோடுகளும் தாமாகவே அமையும். விகிதத்தைக் கொஞ்சம் மாற்றினால் புள்ளி வரியாகிவிடும். அம்மா மாவைக் கொஞ்சம் தளர்த்திப் பிழிந்தால் முறுக்கின் முள் மழுங்கிப்போகும் இல்லையா, அதே அச்சுதான், பக்குவம் மட்டும் வேறு. வழவழப்பிலிருந்து கூம்புக்கும் கூம்பிலிருந்து வரிக்கும் போக பெரிய மாற்றம் தேவையில்லை என்றால், தலைமுறை ஓட்டத்தில் அது பலமுறை நடந்திருக்கும். உறவுக்குச் சாட்சியாக அது ஏன் பலவீனம் என்பது இதிலிருந்தே புரிகிறது.

டூரிங்கின் அம்மா பிறந்தது கோயம்புத்தூர்ப் பக்கத்துப் போத்தனூரில். தாத்தா மெட்ராஸ் ரயில்வேயில் என்ஜினியர். காட்பாடி வழியாகத்தானே அந்த ரயில் போகிறது என்று நினைத்தபோது மனசுக்கு என்னவோ நெருக்கமாக இருந்தது. விஷயத்துக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

22 ஜூன்

செத்துக் காய்ந்த பூச்சியின் பாதத்தைப் படமெடுத்து இரண்டு பேர் அனுப்பியிருக்கிறீர்கள். "வரிவரியாக இருக்கிறது, புது வகையா?" இல்லை. திண்டு மெல்லிய தோல் பை மாதிரி, உள்ளே ஈரம். காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் மடிப்பு விழும். பதனிடாத தோலை வெயிலில் போட்டால் என்ன ஆகும் என்று பேரணாம்பட்டுக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மடிப்புகளை நானும் ஒருகாலத்தில் அமைப்பு என்று வரைந்து வைத்திருக்கிறேன். காய்ந்த திண்டைப் பார்த்து எதுவும் எழுத வேண்டாம். உயிருள்ளதைக் கண்ணாடியில் நடக்கவிட்டுப் பாருங்கள்.

25 ஜூன்

"பாதமும் வேண்டாம், உருவமும் வேண்டாம், எதைத்தான் பார்ப்பது?" என்று கொஞ்சம் கோபமாகவே ஒரு அண்ணன்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அண்ணா. பாதத்தோடு முட்டையையும் எடுத்துவையுங்கள். குச்சிப்பூச்சி முட்டை விதை மாதிரி இருக்கும், ஒவ்வொரு இனத்துக்கும் செதுக்கல் வேறு. வகைப்பாட்டில் முட்டைக்குப் பெரிய மதிப்பு உண்டு. பல இனங்களில் மூடியின் மேல் ஒரு குமிழ் இருக்கும். ஆமணக்கு விதையின் நுனியில் வெள்ளையாக ஒரு சதை இருக்குமே, அதே வேலைதான். அதைத் தின்ன எறும்பு முட்டையைப் புற்றுக்குத் தூக்கிப்போகும், குமிழைத் தின்றுவிட்டு முட்டையை விட்டுவிடும். பூமிக்குள் பத்திரமாகக் கிடக்கும். அப்புறம் ஆணின் வயிற்று நுனியில் உள்ள பிடிப்பு உறுப்புகள். ஆண் கிடைத்தால் அதையும் பாருங்கள், வளர்ந்த பூச்சிக்கு அது முக்கியம். இவையெல்லாம் ஒரே திசையில் கைகாட்டினால், அப்போது பாதத்தையும் சேர்த்து எழுதுவதில் எனக்கு மறுப்பே இல்லை.

குமிழ் எல்லாவற்றுக்கும் இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் "குமிழ் உள்ள கட்சி, இல்லாத கட்சி" என்று மறுபடி ஆரம்பித்துவிடுவோம்.

2 ஜூலை

குடியாத்தம் தம்பி பதில் போட்டிருக்கிறார். கண்ணாடியில் நடக்கவிட்ட பிறகு மங்கலாக இருந்த பாதமும் பளபளவென்று ஆகிவிட்டதாம். கண்ணாடியில் செம்மண் தடம் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கிறது, படமும் அனுப்பினார். பன்னிரண்டு பாதத்தையும் எண்ணினார்: பதினொன்றில் ஐந்து, ஒன்றில் நான்கு. நாலு கணுக் கால் மற்றதைவிடக் குட்டை.

இரண்டு பெண்ணும் முட்டை போட்டிருக்கின்றன. தனித்தனி டப்பாவில் வைக்கச் சொன்னேன். முட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, டீச்சர் அக்காவுக்கும் தெரியவில்லை. இப்போதைக்கு ஒரே இனம் என்றே குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், பென்சிலால்.

9 ஜூலை

இன்று விடியற்காலை என் கூண்டில் ஒன்று பொரிந்தது. முட்டை ஓடு பின்னங்காலில் மாட்டியபடியே கொய்யாக் கிளை மேல் ஏறிக்கொண்டிருந்தது. பிடுங்கிவிடத்தான் கை போனது. கால் அறுந்தால் அந்தப் பாதம் இனி நான்கு கணுதான் என்பது ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டேன். இலையில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலை வந்து பார்த்தேன். ஓடு கூண்டின் தரையில் கிடந்தது. குட்டி இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. லென்ஸ் வைத்து எண்ணினேன். ஆறு காலிலும் ஐந்து.